டெங்கு இல்லை என்றார்கள்

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. காய்கறிக்காரர் தராசைத் தூக்கும்போது நான் முள்ளைப் பார்க்க மாட்டேன், அவர் விரலைத்தான் பார்ப்பேன். கட்டிய கணவருக்கு மட்டும் அதில் சலுகை உண்டா என்ன?

அந்த ஆடிக் கிருத்திகைக்கு அவர் முதுகில் அலகு குத்தி, கொக்கிகளில் எலுமிச்சம்பழங்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, எங்கள் திருத்தணி மலைக்குக் காவடி எடுத்தார். மகளுக்கு நல்லபடியாகக் குழந்தை பிறந்ததற்கான வேண்டுதல். அலகு குத்திய இடத்தில் ரத்தம் வராது, திருநீறு வைத்தால் தானாக ஆறிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆறாமல் சீழ் பிடித்தால் விரதத்தில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். அவருக்குப் பழைய குடிப்பழக்கம் வேறு உண்டு. விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மலையிறங்கி வந்த பிறகு அவர் போக்கே சரியில்லை. பஸ் டிப்போவில் மெக்கானிக் அவர். வீட்டுக்கு வந்ததும் சட்டை பனியன் எல்லாவற்றையும் கழற்றிப் போடுகிற மனிதர், அந்தப் புழுக்கத்திலும் பனியனோடு படுத்தார். டிப்போவிலேயே குளித்துவிட்டு வந்தார். குடித்த வாசனையை மறைக்கத்தான் என்று முடிவு கட்டி, சட்டையை எடுத்து மோந்து பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. பொதட்டூர்பேட்டையில் வாழ்க்கைப்பட்ட நாத்தனாரும் அடிக்கடி பஸ் ஏறி வந்து, அண்ணனோடு உள்ளறையில் குசுகுசுவென்று பேசிவிட்டுப் போனாள். நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும்.

பிறகு காய்ச்சல் வந்தது. நடுக்கத்தில் கட்டிலே ஆடியது. ரத்தத்தைச் சோதித்துவிட்டு பிளேட்லெட் ரொம்பக் குறைவு என்றார்கள். எங்கள் ஊரில் பிளேட்லெட் குறைந்தால் டெங்குதான், வேறு பேச்சே கிடையாது. நாத்தனார் பப்பாளி இலையை அரைத்துச் சாறெடுத்துப் பாட்டிலில் கொண்டுவந்தாள். ஆனால் சோதனையில் டெங்கு இல்லை என்று வந்தது. லேப்காரரைச் சந்தேகப்பட்டு வேறொரு லேபுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கேயும் இல்லை என்றார்கள். இருவரும் பேசிவைத்துக்கொண்டார்களோ என்று கூட நினைத்தேன். அதற்குள் அவர் பேச்சு உளறலாயிற்று. ஈறில் ரத்தம் கசிந்தது. நானும் நாத்தனாரும் கார் பிடித்து அரக்கோணத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கிருந்த டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். முதலில் என் கணவரின் காலைப் பார்த்தார். விரல் நுனிகள் கருநீலமாக இருந்தன.

“ரத்தம் உள்ளுக்குள்ள உறைஞ்சிட்டு இருக்கும்மா” என்றார்.

ஊசி குத்திய இடத்திலோ பஞ்சு தொப்பலாக நனைந்துகொண்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ரத்தம் நிக்காம வந்துகினு இருக்குது. நீங்க உறையுதுன்றீங்க. இன்னாங்க இது?”

அவர் கோபப்படவில்லை. “ரெண்டுமே நடக்குதும்மா. செப்சிஸ் மாதிரி தெரியுது. எங்கேயோ கிருமி புகுந்து, அதோட சண்டை போடுற உடம்பு தன்னையே கெடுத்துக்குது. சின்னச் சின்ன ரத்தக்குழாய்ல எல்லாம் தேவையில்லாம ரத்தம் கட்டுது. பிளேட்லெட் எல்லாம் அங்கேயே செலவாயிடுது. ஊசி குத்தின இடத்தை அடைக்க மிச்சம் இல்ல. கிருத்திகைக்கு பஸ்ஸை எல்லாம் மலைக்கு விட்டுட்டா, அன்னிக்கு மத்த ஊருக்கு பஸ் வருமா?”

பதில் நன்றாகத்தான் இருந்தது. அவ்வளவு நன்றாக இருந்ததாலேயே எனக்கு நம்பிக்கை வரவில்லை.

“கிருமி எங்கிருந்து வந்துச்சுன்னு சீக்கிரம் கண்டுபிடிக்கணும். இல்லேன்னா காப்பாத்துறது கஷ்டம். உடம்புல எங்கயாவது காயம், கட்டி இருக்கா?”

“ஒண்ணும் இல்லீங்க” என்றேன். பொய் சொல்லவில்லை. அலகு குத்தியதை யாராவது காயம் என்பார்களா? எனக்கு அது நினைவுக்கே வரவில்லை.

தற்செயலாக நாத்தனாரைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தபடி, சாறு பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

“இன்னாடி மறைக்கிற?”

“அண்ணன் சத்தியம் வாங்கிகினாரு அண்ணி” என்று அழ ஆரம்பித்தாள்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவரைப் புரட்டிப் பனியனைத் தூக்கினேன். தோளுக்குக் கீழே, அலகு குத்திய இடத்தில், திருநீறும் மஞ்சளும் அப்பியிருந்தது. அதற்கடியில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. உள்ளறையில் அண்ணனும் தங்கையும் செய்துகொண்டிருந்த வைத்தியம் அதுதான். டாக்டரம்மா உடனே நர்ஸைக் கூப்பிட்டார்.

கீறிச் சீழை எடுத்தார்கள். மருந்தும் ரத்தமும் ஏற்றினார்கள். வெளியே உட்கார்ந்திருந்தபோது மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கை தானாகக் குவிந்தது. புதிதாக எதையும் வேண்டிக்கொள்ளப் பயந்து இறக்கிவிட்டேன். அவர் இல்லாமல் என்னால் முடியாது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பிளேட்லெட் மெல்ல ஏறியது. ரிப்போர்ட் வரும்போதெல்லாம், அது அவர் பெயரில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே சந்தோஷப்பட்டேன். கால் கட்டைவிரலின் நுனி மட்டும் கறுத்தது கறுத்ததுதான்.

வார்டுக்கு மாற்றிய பிறகு, இட்லி ஊட்டும்போது கேட்டேன். “என்கிட்ட ஏங்க சொல்லல?”

“சீழ் புடிச்சிகிச்சுன்னா, குடிச்சியான்னுதான் மொதல்ல கேப்ப.”

கேட்டிருப்பேன். அந்த நிமிடமும் நாக்கு நுனியில் அந்தக் கேள்விதான் நின்றது. இட்லியைப் பிட்டேன்.

“விரதத்துல ஒரு சொட்டு தொடல” என்றார் அவராகவே.

“ஆங், நம்புறேங்க” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சொன்னதை அவர் நம்பவில்லை.