பிக்சலுக்கும் அண்ணாச்சிக்கும் நடுவில்

படம், பாட்டு, வீடியோ எல்லாமே கம்ப்யூட்டருக்கு வெறும் எண்கள்தான். ஆனால் எண்களைத் தேடி ஒருவரும் என் கடைப்படி ஏறியதில்லை.

தென்காசியில் ஒன்பது வருடமாக வீடியோ எடிட்டிங் கடை நடத்துகிறேன். கேமரா காஜா அண்ணன் பொறுப்பு, கம்ப்யூட்டர் என் பொறுப்பு. கல்லூரியில் பிக்சல் என்றால் என்ன, கம்ப்ரஷன் என்றால் என்ன என்று பக்கம் பக்கமாக எழுதி நல்ல மார்க் வாங்கியவள் நான். அதையே எதிரில் நிற்கும் ஒரு அண்ணாச்சிக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது என்று எந்த வாத்தியாரும் பாடம் எடுக்கவில்லை. இதே தொழிலில் முதுகு வளைந்து கிடக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீங்களும் பட்டிருப்பீர்கள். இருந்தாலும் கேளுங்கள்.

நாலடிக்கு ஆறடி

இலஞ்சியிலிருந்து ஒரு அண்ணாச்சி வந்தார். தாயார் தவறிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வாசலில் நாலடிக்கு ஆறடியில் பேனர் வைக்க வேண்டும். போனில் ஒரு படத்தைக் காட்டினார். யாரோ ஸ்டேட்டஸில் வைத்ததை இன்னொருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை வேறொருவர் அனுப்பி, நாலு கை மாறி வந்த படம். பெரிதாக்கியதும் முகம் சதுரம் சதுரமாகச் சிதறியது. "என்ன தாயீ, அம்மை மூஞ்சி கட்டம் கட்டமா இருக்கு?" என்றார்.

படம் என்பது புள்ளிகள்தான், ஒவ்வொரு கை மாறும்போதும் பாரம் குறைக்க போன் கொஞ்சம் புள்ளிகளை உதறிவிடும், உதறியது திரும்ப வராது என்று சொன்னேன். "முதல்ல எடுத்தது யாருன்னு மட்டும் கண்டுபிடிங்க அண்ணாச்சி, மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்." மருமகனுக்குப் போன் போட்டார், அவர் கொழுந்தியாளைக் கை காட்டினார், கடைசியில் கோயம்புத்தூரில் இருக்கும் பேத்தியிடம் போய் நின்றது. புள்ளி உதிராமல் வர, போட்டோவாக அனுப்பாமல் ஃபைலாக அனுப்பச் சொன்னேன். வந்தது பாருங்கள், தாடை மச்சம் தெரிந்தது, நெற்றியில் பறந்த ஒற்றை நரைமுடி தெரிந்தது. அண்ணாச்சி மேஜையில் கையூன்றி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அப்போ கை மாறிக் கை மாறி எங்க அம்மைய மெலிய வச்சிட்டானுவோன்னு சொல்லுதிய!"

அரை நிமிடம்

ஒரு நிக்காஹ். பெண்ணின் வாப்பா சவூதியில் தம்மாமில் வேலை பார்க்கிறார், லீவு கிடைக்கவில்லை. மகளைப் பொறுப்பேற்றுக் கொடுக்கத் தம்பியை நியமித்துவிட்டு, தான் அங்கிருந்தே நேரலையில் பார்ப்பதாக ஏற்பாடு. நிக்காஹ் நடத்தி வைக்கும் ஹஜ்ரத் வந்து அமர்ந்த நேரம் பார்த்து சிக்னல் படுத்தது. படம் உறைந்து நின்றது. "அண்ணன் அங்கன காத்துக்கிட்டு இருக்காரும்மா" என்று தம்பி என் தலைமேல் வந்து நின்றார்.

பதறவில்லை. தெளிவான படம் நின்று நின்று போவதைவிட மங்கலான படம் ஓடுவது மேல். படத்தின் அளவைப் பாதிக்குக் கீழே இறக்கினேன், ஒலியில் மட்டும் கை வைக்கவில்லை. முகம் கலங்கினால் கண் பொறுத்துக்கொள்ளும், ஒரு சொல் விட்டுப்போனால் காது பொறுக்காது. நேரலை ஓடியது. ஆனால் நேரலை என்று பெயரே தவிர, இங்கே நடப்பது அங்கே போய்ச் சேர அரை நிமிடம் ஆகும். மாப்பிள்ளை சம்மதம் சொன்னதும் தம்பி ஆனந்தத்தில் அண்ணனுக்குப் போன் போட்டு "முடிஞ்சிட்டு!" என்று கத்திவிட்டார். அங்கே திரையில் மாப்பிள்ளை இன்னும் வாயே திறக்கவில்லை.

மறுநாள் அந்த வாப்பாவே எனக்குப் போன் செய்தார். தாமதத்துக்குக் காரணத்தைச் சொல்லி வருத்தம் தெரிவித்தேன். அவர் முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "அதுக்கு ஏம்மா வருத்தம்? எல்லாருக்கும் முடிஞ்ச பொறவும் எனக்கு மட்டும் அரை நிமிஷம் எம்மக என் வீட்டுப் புள்ளையாவே இருந்தாள்லா!"

அருவிக்குத் தண்ணீர்

குற்றாலத்தில் தங்கும் விடுதி வைத்திருப்பவர் ஒருவர் ஏப்ரல் மாதம் விளம்பரப் படம் எடுக்கக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் பாறை மட்டும் காய்ந்து கிடக்கிறது. "அதனால என்ன? கம்ப்யூட்டர்ல தண்ணி விட்டுருங்க" என்றார். "விடலாம் அண்ணாச்சி. ஆனா அதப் பாத்துட்டுக் குடும்பத்தோட வந்து நிக்கவங்க தலையில யாரு தண்ணி விடுவா?" என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு போனவர், சாரல் தொடங்கியதும் அவராகவே கூப்பிட்டார்.

நாங்கள் போன அன்று மலையில் நல்ல மழை. அருவி, குளிக்கும் இடத்துப் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டுகிறது. போலீஸ் கயிறு கட்டிக் குளிக்கத் தடை போட்டுவிட்டது. காஜா அண்ணன் கேமராவுக்கு பாலிதீன் பை மாட்டி, லென்ஸைத் துடைத்துத் துடைத்து எடுத்தார். அப்படி ஒரு படம் எங்கள் கணக்கில் அதுவரை இல்லை. விடுதிக்காரர் கேமராத் திரையைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், என்னை ஓரமாக அழைத்துப்போய்க் கேட்டார்: "கொஞ்சம் தண்ணியக் குறைச்சுக் காட்ட முடியுமாம்மா?"

முதல் பத்து நிமிடம்

வீரகேரளம்புதூரில் ஒரு கல்யாணம். காலையில் முகூர்த்தம், மாலையில் வரவேற்பு. இடையில் கேமராவின் மெமரி கார்டை மாற்றும்போது காஜா அண்ணன் முகூர்த்தக் கார்டை ஃபார்மேட் அடித்து, அதிலேயே வரவேற்பையும் பத்து நிமிடம் எடுத்துவிட்டார். தெரிந்ததும் எனக்குப் போன் செய்து சொன்னார். "கார்டைக் கழட்டிப் பையில போடுங்க. இனி ஒரு போட்டோ கூட அதுல எடுக்கப்படாது" என்றேன். ஃபார்மேட் அடிப்பது புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது மாதிரி. பக்கங்கள் உள்ளேதான் இருக்கும், அதன்மேல் வேறு எழுதாத வரை. தாலி கட்டு, மாலை மாற்று எல்லாம் மீண்டு வந்தது. வீட்டிலிருந்து பெண் புறப்பட்ட முதல் பத்து நிமிடம் போனது போனதுதான்.

"கேமரா ரிப்பேர்னு சொல்லிருவமா?" என்றார் காஜா அண்ணன். வேண்டாம் என்று மறுநாள் காலை இரண்டு பேருமே நேரில் போனோம். பெண்ணின் அப்பா ரிட்டயர்டு ஏட்டு. எத்தனை மணிக்கு, யார் கையில் என்று வரிசையாக விசாரித்தார். பிறகு சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் போன் போட்டு, யார் யார் வீடியோ எடுத்தார்கள் என்று பிடித்துவிட்டார். மதியத்துக்குள் பதினோரு போன் என் மேஜையில். ஒன்று நெட்டுக்குத்தாக, ஒன்று படுக்கைவசமாக, ஒன்று ஆடிக்கொண்டே. நாதஸ்வரச் சத்தத்தை வைத்து எல்லாவற்றையும் ஒரே தாளத்துக்குக் கொண்டுவந்து கோத்தேன்.

ஏட்டையா வந்து உட்கார்ந்து பார்த்தார். மகள் பெரியவர்கள் காலில் விழுந்து எழும் இடத்தில், தூணுக்குப் பின்னால் அவர் துண்டால் முகத்தை மூடிக் குலுங்கிக் குலுங்கி அழுவது ஒரு போனில் விழுந்திருந்தது. காஜா அண்ணன் பக்கம் திரும்பினார்: "இந்த இடத்த மட்டும் அழிச்சிரும். அதான் உமக்கு நல்லா வருதுல்லா!"

மோட்டார் சத்தம்

சுந்தரபாண்டியபுரத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். அப்பா இறந்து ஒரு வருடம். தங்கச்சி கல்யாணத்தில் அப்பா திரையில் தோன்றி வாழ்த்திப் பேச வேண்டும். ஒரு போட்டோவும், மகளுக்கு அவர் அனுப்பிய பத்து விநாடி குரல் பதிவும் கொண்டுவந்திருந்தார். இன்றைக்கு இது பெரிய வித்தை இல்லை. செய்தேன். உதடு அசைந்தது, கண் சிமிட்டியது, "அன்பு மகளே" என்று குரல் தழுதழுத்தது. ஆனாலும் மண்டபத்தில் போடுவதற்கு முன்னால் அம்மாவைக் கூட்டிவந்து காட்டச் சொன்னேன்.

அந்த அம்மா முழுவதும் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது யாரு? அவரு ஒருநாளும் அவள அன்பு மகளேன்னு கூப்பிட்டதில்ல" என்றார். தம்பிக்கு முகம் விழுந்துவிட்டது. நான் மறுபேச்சில்லாமல் அதை அழித்துவிட்டு, அசல் பதிவைப் போட்டுக் காட்டினேன். பம்புசெட் மோட்டார் இரைச்சலுக்கு நடுவே அவர் கத்துகிறார்: "ஏட்டி, சாப்ட்டியா? மோட்டார் ஓடுது, ஒண்ணும் கேக்கல. வந்து பேசுதேன்." இரைச்சலை வடிகட்டிக் குரலைத் தனியாக எடுத்து, கொஞ்சம் பெருமையோடுதான், மறுபடி போட்டேன். சுத்தமான குரல். அந்த அம்மா தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

கல்யாணத்தன்று அப்பாவின் போட்டோவும் அந்தப் பத்து விநாடியும் இரைச்சலோடேதான் போனது. அந்த அம்மா என்னிடம் சொன்னது இதுதான்: "மோட்டாரு ஓடட்டும் தாயீ. அது ஓடுத வரைக்கும் அவரு வயல்லதான் நிக்காருன்னு நெனச்சுக்கிடுவேன்."

ஒன்பது வருடத்தில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: கம்ப்யூட்டர் ஹேங் ஆனால் அணைத்துப் போட்டால் போதும், கஸ்டமர் ஹேங் ஆனால் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துத்தான் பேச வேண்டும்.