இடப்பக்கம் திரும்பினால் ஹாரன்

எங்கள் வேன் இடப்பக்கம் திரும்பினால் ஹாரன் தானாக அடிக்கும். யாரும் பொத்தானைத் தொட வேண்டியதில்லை. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஒடித்தால் போதும், 'பேஏஏ' என்று ஆரம்பித்து, மறுபடி நேராகிற வரைக்கும் நிற்காது. எங்கள் தெருவோ மெயின் ரோட்டிலிருந்து இடப்பக்கம் பிரிகிற தெரு. அதனால் என் கணவர் வேலை முடிந்து வீட்டுக்கு வருவது தினமும் தெரு முழுக்கத் தெரியும்.

ஊட்டிப் பக்கம் ஏதோ ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஓடிக் களைத்த வண்டி அது. நான் பிறப்பதற்கு முன்னால் செய்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அக்கம்பக்கத்தில் எல்லோரும் புதுசாகச் சின்னக் கார் வாங்கிக்கொண்டிருந்தபோது, இவர் இதை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்.

"இந்த மாதிரி இரும்பு இப்ப வருதா அம்மணி?" என்றார்.

வரவில்லைதான். வராமல் போனதற்கு ஏதாவது காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. அந்தப் பெண் ஒருநாள் மதில் ஓரமாக வந்து நின்றாள். "ஏனுங்க்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. இப்பத்தான் தூங்க வெச்சனுங்க. அண்ணன் தெனமும் கொஞ்சம் சோத்தாங்கைப் பக்கமாவே சுத்தி ஊட்டுக்கு வந்தா ஆகாதுங்களா?"

இதை அவரிடம் சொன்னேன். மெக்கானிக்கிடம் கொடுத்துவிடலாம் என்றும் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பம்பு கம்பெனியில் லேத்தில் நிற்கிறவர். நாளெல்லாம் தலைமுடி கனத்துக்கு இரும்பைச் சீவுகிற கை. "மெக்கானிக்கிட்டக் குடுத்தா ஒண்ணைப் பாக்கறேன்னு ஒம்பதைக் கெடுத்துப்போடுவான். உள்ள ஒரு வயரு தேஞ்சிருக்கும், அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை நானே பாத்துப்போடறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பொத்தானைக் கழற்றினார், நடுவில் இருந்த பெரிய நட்டைக் கழற்றினார். அதுவரை சீட்டி அடித்துக்கொண்டுதான் இருந்தார். ஸ்டியரிங் வரவில்லை. அத்தனை வருஷத் துருவில் தண்டோடு ஒட்டிப்போயிருந்தது. முழங்கால்களால் அதைக் கீழிருந்து முட்டினார், தேங்காய் எண்ணெய் விட்டார். அப்புறம் என் அம்மியிலிருந்து குழவியைத் தூக்கிக்கொண்டு போனார்.

"ஏனுங்க, அது சட்னி அரைக்கறதுங்க" என்றேன்.

"பழந்துணி சுத்தித்தான் அடிக்கறேன்" என்றார்.

மூன்றாவது அடியிலோ நாலாவது அடியிலோ ஸ்டியரிங் வந்தது. வரும்போது வட்டத்தின் மேலிருந்த கெட்டிப் பிளாஸ்டிக் இரண்டு இடத்தில் பிளந்துகொண்டது. ஹாரன் வயர் அறுந்து தண்டுக்குள்ளே விழுந்துவிட்டது. அவர் அந்தத் துளைக்குள் ஒற்றைக் கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு இரண்டு பசையைச் சேர்த்துப் பிசைந்து பிளவுகளில் அப்பி, மேலே சைக்கிள் ட்யூபைக் கீறிச் சுற்றிக் கட்டினார். திரும்ப மாட்டியபோது தண்டைச் சுற்றியிருக்கிற பற்களில் ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டார் போலிருக்கிறது. வண்டி நேராகப் போனால் ஸ்டியரிங் கோணலாக நின்றது. ஸ்டியரிங் நேராக நின்றால் வண்டி சாக்கடைக்குப் போனது.

ஹாரன் சுத்தமாக அடிக்கவில்லை. "இப்ப சத்தமில்லையல்லோ?" என்று என்னைக் கேட்டார்.

அடுத்த வாரம் உடுமலைப்பேட்டையில் கல்யாணம். என் நாத்தனாரின் மகளுக்கு. இவர் தாய்மாமன். மாமன் சீர் கொண்டு போய் இறக்காமல் மணவறையில் எதுவும் நகராது. காந்திபுரத்தில் பஸ் ஏறிப் போய்விடலாம் என்று நான் கெஞ்சிப் பார்த்தேன். பித்தளைக் குடம், அண்டா, தாம்பாளங்கள், தேங்காய், பழத்தட்டு எல்லாவற்றையும் பஸ்ஸில் எப்படி ஏற்றுவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்காகத்தான் ஊரில் வாடகைக் கார் ஓடுகிறது என்றேன். "சொந்த வண்டி இருக்கறப்ப தாய்மாமன் வாடகைக்கார்ல போய் எறங்கறதா?" என்று முடித்துவிட்டார்.

கல்யாணத்தன்று விடிந்ததும் கிளம்பினோம். ஒத்தக்கால்மண்டபம் வரைக்கும் ஒன்றுமில்லை. அங்கே ஒரு ஆட்டுமந்தை குறுக்கே வந்தது. அவர் பழக்கதோஷத்தில் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் கேட்கவில்லை. பிரேக்கை மிதித்தார். பின்னால் அண்டா உருண்டு என் முதுகில் இடித்தது.

"நீ கொஞ்சம் சத்தம் குடு அம்மணி" என்றார்.

ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்த ஆரம்பித்தேன். எங்கள் ஊர்ப் பேச்சு இதற்கு ஆகாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "ஏனுங்க, கொஞ்சம் ஓரமாப் போறீங்களா" என்று நான் முடிப்பதற்குள் அந்த ஆளைத் தாண்டி அடுத்த ஆள் வந்துவிடுகிறார். 'ங்க'வை விட்டுவிட்டுக் கத்தினேன். ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்தி, "யாரு ஊட்டுப் புள்ளைங்க இது?" என்று இவரிடம் விசாரித்தார். கிணத்துக்கடவு தாண்டுவதற்குள் தொண்டையில் மணல் போட்டு அரைத்த மாதிரி ஆகிவிட்டது. வேறு வழியில்லாமல் சீர்த் தாம்பாளம் ஒன்றை எடுத்து, ஜன்னலுக்கு வெளியே பிடித்து, அண்டாவோடு வந்த கரண்டியால் அடித்தேன்.

இது வேலை செய்தது. மாடு ஒதுங்கியது, தேங்காய் ஏற்றிய மாட்டுவண்டி ஒதுங்கியது. பொள்ளாச்சியில் ஒருவர் மொபெட்டை நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு, வேனைப் பார்த்துக் கும்பிட்டார். உள்ளே சாமி போகிறது என்று நினைத்திருக்க வேண்டும். பட்டுப்புடவையும் கலைந்த தலையுமாக நான் அவரைக் கடந்து போனேன். என் கணவர் சிரித்தார். அந்தக் கரண்டியை அப்போதே அவர் பக்கம் திருப்பியிருப்பேன், வண்டி ஓடிக்கொண்டிருந்ததால் விட்டேன்.

கோமங்கலத்துக்குப் பக்கத்தில் வெயில் ஏறியதில் பசை இளகி, ஸ்டியரிங்கின் மேல்பாதிப் பிளாஸ்டிக் அவர் கையோடு வந்துவிட்டது. அதை என் மடியில் வைத்தார். உள்ளே இருந்த துருப்பிடித்த கம்பி வளையத்தைப் பிடித்தே மிச்ச தூரத்தையும் ஓட்டினார். மண்டபத்தில் இறங்கும்போது அவருடைய உள்ளங்கை இரண்டும் செம்மண் நிறம். அதே கையோடு வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

நாத்தனார் வாசலிலேயே நின்றிருந்தார். "ஏண்ணா இவ்வளவு நேரம்?" என்றவர், சீரைப் பார்த்தார். தாம்பாளத்தைக் கையில் எடுத்தார். "இதென்ன, அம்மை போட்டாப்பல குழிகுழியா இருக்குது?"

"கடையிலயே அப்பிடித்தான் குடுத்தான். அது டிசைன்" என்றார் என் கணவர்.

நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. "அண்ணி எடுத்த டிசைனா?" என்று நாத்தனார் என்னைப் பார்த்துக் கேட்டதற்கும் காற்றுதான் வந்தது. கல்யாணத்துக்கு வந்த சனமெல்லாம் அந்தத் தாம்பாளத்தைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தது. நடந்ததைச் சொல்ல எனக்கு ஆயிரம் வார்த்தை இருந்தது. ஒன்றும் வெளியே வரவில்லை.

நான் அப்போது தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். குரலை வைத்துத்தான் பிழைப்பு. திங்கட்கிழமை ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "நம்பர் சொல்லுங்க" என்றேன். "லைன் சரியில்லீங்க, ஒரே கரகரன்னு கேக்குது" என்று அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். அடுத்தவரும் அதையே சொன்னார். மேற்பார்வை அம்மா வந்து என் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி, "கண்ணு, நீ போயி ஸ்டோர் ரூம்ல உக்காரு" என்றார். அந்த வாரம் முழுக்கப் பழைய டெலிபோன்களைத் துடைத்து அடுக்கினேன்.

வீட்டில் அதைவிடக் கொடுமை. கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் திட்டுவதற்கு இவ்வளவு நியாயமான வாரம் வேறு இல்லை. திட்டத்தான் முடியவில்லை. மிளகுப்பாலை அவரே காய்ச்சிக் கொடுத்தார். எதிரில் உட்கார்ந்து, நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே, வயரைத் தண்டுக்குள் எப்படி விடப்போகிறார் என்று விளக்கினார். நான் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். "சூடா இருக்குதா?" என்றார்.

உக்கடத்தில் பழைய இரும்புக் கடைகளில் தேடி ஒரு ஸ்டியரிங் வாங்கிவந்தார். கம்பெனி லேத்தில், எங்கள் தண்டில் பொருந்துகிற மாதிரி அதற்கு நடுத்துண்டு கடைந்தார். துருவைச் சுரண்டி, புது வயர் கோத்து, இந்தத் தடவை அடிக்காமல் நிதானமாகத்தான் செய்தார். அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் என்னை ஏற்றிக்கொண்டு தெருமுனைக்குப் போனார். இடப்பக்கம் ஒடித்தார். சத்தமே இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார், அப்படி ஒரு சந்தோஷம் முகத்தில். வலப்பக்கம் ஒடித்தார்.

'பேஏஏ.'

அந்த நிமிஷம் எனக்குக் குரல் வந்துவிட்டது. என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. பக்கத்து வீட்டுப் பெண் குழந்தையோடு வாசலுக்கு வந்து நின்று கேட்டாள். வேனிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்தேன். அடுத்த நாளிலிருந்து எங்கே போனாலும் டவுன் பஸ்தான்.

எப்போது, எப்படிச் சரி செய்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஐப்பசி மழையில் ஒருநாள் காந்திபுரத்தில் பஸ் எதுவும் நகராமல் நனைந்துகொண்டு நின்றேன். எதிரில் வேன் நின்றது. கதவைத் திறந்துவிட்டு, முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். ஏறினேன். இடப்பக்கம் திரும்பினோம், வலப்பக்கம் திரும்பினோம். எங்கேயும் சத்தமில்லை. நடுரோட்டில் ஒரு சைக்கிள்காரர் குடை பிடித்தபடி ஆடி ஆடிப் போனார். இவர் அவர் பின்னாலேயே ஊர்ந்தார். என்னைக் கடைக்கண்ணால் பார்த்தார், ஹாரனைத் தொடவில்லை.

"அடிங்க" என்றேன்.

அடித்தார். சைக்கிள்காரர் நிறுத்தி, குடையைச் சாய்த்து, ஜன்னலோரம் வந்து என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, நான் போறது உங்களுக்குத் தெரியறாப்பலதானுங்க போயிட்டிருக்கறேன். இதுக்கு எதுக்குங்க இத்தனை சத்தம்?"