தம்பியின் பெயரைச் சொல்ல வைத்தேன்

செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் என்னைப் போன்ற வயசானவர்கள் பகல் பொழுதைக் கழிக்க ஒரு மையம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் தாம்பரத்துக் கல்லூரிப் பிள்ளைகள் வந்து பேப்பர் வாசித்துக் காட்டுவார்கள், ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வருவார்கள். போன வருஷம் வந்தவர்களில் ஒருத்தி கொழும்பிலிருந்து படிக்க வந்தவள். சிங்களப் பெண்.

நானும் கொழும்பில் பிறந்தவன்தான். எண்பத்து மூன்று கலவரத்தில், தமிழர் கடை என்று எங்கள் கடையைக் கொளுத்தினார்கள். உள்ளே என் தம்பி இருந்தான். பத்தொன்பது வயது. அதற்குப் பிறகு இங்கே வந்து நாற்பது வருஷமாக ஒரு சிங்களச் சொல் என் வாயில் வந்திருக்கவில்லை.

அவள் யாரென்று தெரிந்த அன்றே, அவள் கையால் எதுவும் வாங்காதீர்கள் என்று மையத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். அவள் நீட்டிய டீயை ஒருவரும் வாங்கவில்லை. டம்ளர்கள் ஆறிப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மனசு குளிர்ந்தது. இனி வர மாட்டாள் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் வந்தாள். அதற்கடுத்த வாரமும்.

ஐந்தாவது வாரம் எனக்குத்தான் பொறுக்கவில்லை. அவளைக் கூப்பிட்டு, அவள் பாஷையிலேயே, தம்பி செத்த விதத்தை ஒன்றுவிடாமல் சொன்னேன். வலிக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

எந்தத் தெரு என்று கேட்டாள். சொன்னேன்.

"எங்கள் தாத்தா வீடு அங்கேதான். எதுவும் செய்யவில்லை, நின்று பார்த்தேன் என்று மட்டும் சொல்லுவார்."

"உயிரோடு இருக்கிறாரா?"

"இருக்கிறார்."

"போன் போடு."

போட்டு என்னிடம் நீட்டினாள். திரையில் பனியனோடு ஒரு கிழவர். எந்தக் கடை, உள்ளே இருந்தது யார் என்று சொன்னேன். "அவன் பெயரைச் சொல்லுங்கள்" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சொல்லுங்கள், தாத்தா" என்றாள் அவள்.

சொன்னார். இன்னொரு தடவை என்றேன். சொன்னார். மூன்றாவது தடவை குரல் உடைந்தது. நான் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. போனை அவளிடம் கொடுத்துவிட்டேன்.

மறுவாரம், தாத்தா தன்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார் என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, இல்லையென்றால் பொய். அவளை நினைத்துக் கஷ்டமாகவும் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

அன்று பள்ளிக்கரணையில் எனக்குக் கண் பரிசோதனை. மருமகனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவளோடு பஸ்ஸில் போனேன். மருந்து விட்டதில் பார்வை மங்கிவிட்டது. ரோட்டைக் கடக்க அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அவரை மன்னித்துவிட்டீர்களா?"

"இல்லை."

"சரி" என்றாள். "பஸ் வருகிறது, பார்த்து ஏறுங்கள்."