முக்காலி டாக்டரின் மூன்றாவது ஊசி

அவளுக்கு முக்காலி என்று பெயர் வைத்தது யாரென்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டாள். ஆள் நாலே முக்கால் அடி. ரத்தப் புற்றுநோய்ப் பிரிவின் கட்டிலோ அவள் நெஞ்சு உயரம், அதை ஏற்றி இறக்கும் கைப்பிடி எந்தக் காலத்திலோ உடைந்துபோயிருந்தது. இடுப்பெலும்பில் ஊசியை இறக்கி மஜ்ஜை எடுக்க வேண்டுமென்றால் மேலிருந்து பலமாக அழுத்த வேண்டும். ஸ்டோர் ரூமில் கிடந்த ஒரு மர முக்காலியைத் தேடிப் பிடித்து, போகிற இடமெல்லாம் தூக்கிக்கொண்டு போனாள். பெயர் தானாக ஒட்டிக்கொண்டது.

வயது முப்பத்தொன்பது. பன்னிரண்டு வருஷம் காய்ச்சல், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு என்று ஒரு சின்ன கிளினிக்கில் பார்த்தவள். ரத்தத்தில் ஏதோ கோளாறு என்று தெரிந்தால் "பெரிய டாக்டர்கிட்ட போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்துக் கொடுத்தே கை சலித்துவிட்டது. அந்தப் பெரிய டாக்டராக நாமே ஆகிவிட்டால் என்ன என்று ஒருநாள் தோன்றியது. ரத்தநோய்க்கும் புற்றுநோய்க்குமான மூன்று வருஷ ஃபெலோஷிப்பில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"இந்த வயசுல உனக்கு எதுக்குடி வேண்டாத வேலை?" என்றாள் அம்மா.

"எனக்கு வேண்டியிருக்கு, அதான்."

கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் பத்து வயது சின்னவர்கள். அவ்வளவு ஏன், பயிற்சியை நடத்தும் டாக்டரே இவளைவிட ஆறு வயது இளையவர். ஆறடி உயரம், மூக்குக்கு மேல் கோபம். அவரைப் பார்த்தாலே பாதிப் பேருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

நோய்களைப் பற்றிக் கேளுங்கள், எல்லாம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. மஜ்ஜைத் தேர்வு என்று வந்தால்தான் கையும் ஓடாது, காலும் ஓடாது. முதல் வருஷம் முடிவதற்குள், அந்த டாக்டர் பக்கத்தில் நின்று பார்க்க, மஜ்ஜையை உறிஞ்சி எடுத்துக் காட்ட வேண்டும். மொத்தம் மூன்று வாய்ப்பு. மூன்றும் போனால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். முதல் தடவை ஊசி எலும்பில் வழுக்கிவிட்டது. இரண்டாம் தடவை மஜ்ஜை ஜோராக வந்தது, ஆனால் இவள் ஆற அமர அதைக் கண்ணாடித் துண்டில் தடவுவதற்குள் உறைந்து கட்டியாகிவிட்டது.

"உங்களுக்குக் கிளினிக்தான் சரி. ஊசி வேலை எல்லாருக்கும் வராது," என்றார் அவர். அன்று கழிவறையில் போய் அழுதாள். அழுது முடித்த கையோடு கறிக்கடைக்குப் போய் ஆட்டு இடுப்பெலும்பு வாங்கி வந்தாள்.

ஒரு மாதம் சமையல் மேடையில் எலும்பைக் குத்திக் குத்திப் பழகினாள். ஊசி எப்போது வழுக்கும், எப்போது பிடிக்கும், எப்போது சட்டென்று உள்ளே இறங்கும் என்பதெல்லாம் விரலுக்குப் பழகிவிட்டது. ஃப்ரிட்ஜைத் திறந்த புருஷன் மிரண்டுபோனான்.

"சூப்புக்கா?"

"பரீட்சைக்கு."

"பாஸ் பண்ணிடு தாயே. எனக்கு ஐஸ் தண்ணி வைக்கக்கூட இடமில்ல."

மூன்றாவது வாய்ப்பு ஒரு பஸ் டிரைவரின் இடுப்பில் வந்து சேர்ந்தது. ஐம்பத்திரண்டு வயது. எட்டு மாதமாக வண்டி ஓட்ட முடியாத களைப்பு. ரத்த அணுக்கள் எல்லாமே குறைந்துகொண்டு போயின. ஏன் என்று யாருக்கும் புரியாமல் ஆளாளுக்கு இரும்புச்சத்து மாத்திரையாகக் கொடுத்துத் தள்ளியிருந்தார்கள். முந்தைய நாளே அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மண்ணீரல் வீங்கியிருப்பதைக் குறித்து வைத்திருந்தாள்.

அவள் முக்காலியில் ஏறி நின்றதைப் பார்த்து, ஒருக்களித்துப் படுத்திருந்த டிரைவர் சிரித்தார். "படியில நின்னு வேலை பாக்காதீங்கம்மா. நாங்க படியில தொங்கறவங்களத் திட்டறவங்க."

"நீங்க அசையாம இருங்க, நான் விழாம இருக்கேன்."

மரத்துப்போக மருந்து போட்டாள். ஊசியைத் திருகி இறக்கினாள். பிடித்தது, இறங்கியது. கையை எடுத்தால்கூட ஊசி ஆணி அடித்த மாதிரி நின்றது. சிரிஞ்சை மாட்டி இழுத்தாள்.

"யம்மா! உள்ள யாரோ இழுக்கறாங்க!" என்று கத்தினார் டிரைவர்.

சிரிஞ்சில் ஒரு சொட்டு இல்லை. இடம் மாற்றி இழுத்தாள், வெறும் காற்று. இன்னொரு தடவை, அப்போதும் காற்றுதான்.

ஆறடி டாக்டர் பேனாவைத் திறந்தார். தேர்வுப் படிவத்தில் "மஜ்ஜை கிடைத்ததா?" என்ற கேள்விக்கு நேரே "இல்லை" என்று எழுதினார். "எலும்புத் துண்டு ஒண்ணு எடுத்து ஃபார்மலின்ல போட்டு அனுப்பிடுங்க. ஒரு வாரத்துல ரிப்போர்ட் வரும். அதுக்கப்புறம் நாம பேசுவோம்."

ஆனால் அவள் விரல் வேறு ஏதோ சொன்னது. ஊசி நிற்கிறது. இழுத்தால் மனுஷனுக்கு உள்ளே வலிக்கிறது. அப்படியென்றால் ஊசி சரியான இடத்தில்தான் இருக்கிறது. மஜ்ஜைதான் வரமாட்டேன் என்கிறது.

"சார், நீங்க ஒரு தடவை இழுத்துப் பாருங்க."

நர்ஸ் கூரையைப் பார்த்தாள். அவர் முகம் சிவந்தது. ஆனாலும் கையுறை போட்டு வந்து இழுத்தார். டிரைவர் இன்னொரு தடவை கத்தினதுதான் மிச்சம், சிரிஞ்ச் காலி.

அதற்குப் பிறகு அவள் யாரையும் கேட்கவில்லை. பெரிய ஊசியால் தீக்குச்சி கனத்தில் ஒரு எலும்புத் துண்டை எடுத்தாள். நர்ஸ் நீட்டிய, திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் பாட்டிலை ஒதுக்கினாள். "அதுல விழுந்துட்டா அப்புறம் ஸ்லைடுல ஒண்ணும் ஒட்டாது." நாலு கண்ணாடி ஸ்லைடுகளில், செல்கள் ஒட்டும்படி அந்தத் துண்டை மெல்ல உருட்டி எடுத்த பிறகுதான் பாட்டிலில் போட்டாள். ஸ்லைடுக்குத் தானே சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள்.

இருந்தது! ஒன்றல்ல, கூட்டம் கூட்டமாக. ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் மெல்லிசாக முடி முளைத்திருந்தது.

"சார், ஹேரி செல் லுக்கீமியா. இந்த நோய் மஜ்ஜைக்குள்ள நார் நாரா வலை பின்னிடும். யார் இழுத்தாலும் வராது."

அவர் குனிந்தார். அந்த மைக்ரோஸ்கோப்புக்கு அவர் நன்றாகவே குனிய வேண்டியிருந்தது. வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்ததும், "ரத்தத்தை செல் பரிசோதனைக்கு அனுப்புங்க. இன்னிக்கே," என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. அவள் சொன்னதேதான். டிரைவர் கட்டிலருகே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து சொன்னாள். "ஐயா, இது ரத்தப் புற்றுநோய்தான். மறைக்க விரும்பல. ஆனா சொன்ன பேச்சு கேக்கற வகை. ஏழு நாள் மருந்து. அநேகமா முழுசா அடங்கிடும்."

"எட்டு மாசமா என்னன்னே தெரியாம இருந்ததுதாம்மா பயம்," என்றார் டிரைவர். கண் கலங்கியிருந்தது. இவளுக்கும்தான்.

அன்று மாலை படிவம் அவள் கைக்கு வந்தது. "இல்லை" என்பதை அவர் அடிக்கவில்லை. அதன் கீழே எழுதியிருந்தார்: "மஜ்ஜை வரவில்லை. எனக்கும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று இவர் கண்டுபிடித்தார். தேர்ச்சி." பக்கத்தில் கையெழுத்து. அவள் வராந்தாவிலேயே நின்று அதை ஏழெட்டுத் தடவை படித்தாள். பிறகு புருஷனுக்கு ஃபோன் போட்டு, "ஃப்ரிட்ஜைக் காலி பண்ணிடு," என்றாள்.

ஐந்து மாதம் கழித்து ஒரு காலை, ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டதென்று அரக்கப் பரக்க ஓடினாள். பஸ் கிளம்பிவிட்டது. போச்சுடா என்று நின்றபோது, நிறுத்தம் தாண்டிப் போன பஸ் பிரேக் அடித்து நின்றது. டிரைவர் ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டி, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஹாரன் அடித்தார். கன்னத்தில் சதை போட்டிருந்தது, முகத்தில் ரத்தம் ஓடியது.

"ஏறுங்க டாக்டரம்மா! படி கொஞ்சம் உயரம். முக்காலி இல்லாம ஏறிடுவீங்கல்ல?"

"நீங்க வண்டிய எடுங்க, நான் ஏறிக்கறேன்!"

"நீங்க ஏறாம இந்த வண்டி நகராது," என்றார் அவர்.