மணி அடிக்காத நாற்பது நிமிடம்

துப்பாக்கியோடு வந்தவர் முதலில் கேட்டது, செருப்பை எங்கே விடுவது என்றுதான்.

"வெளியவே விட்டுட்டு வாங்க" என்றேன், டைப்ரைட்டரிலிருந்து தலையைத் தூக்காமல். விட்டுவிட்டு வந்தார். கவுன்ட்டருக்கு முன்னால் வந்து நின்றபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும். வேட்டி, பனியன், தோளில் ஒரு துண்டு, அதன் மேல் நாட்டுத் துப்பாக்கி. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைக் கொல்லையில் பன்றி விரட்டுவதற்கு எங்கள் பக்கத்து விவசாயிகள் லைசென்ஸ் வாங்கி வைத்திருப்பார்களே, அந்தக் குழல் நீண்ட துப்பாக்கி.

எனக்குப் பயம் வரவில்லை. ஆபீஸ் மாறி வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"லைசென்ஸ் ரினீவலுக்குத் தாலுகா ஆபீஸ் போவணும்ங்க. இது காலேஜு."

"காலேஜுன்னு தெரிஞ்சிதாம்மா வந்தேன். எம் புள்ளய இட்டுகினு வா" என்று துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினார்.

எழுபதுகளின் கடைசி அது. திருவண்ணாமலை ஊர் ஓரத்தில் இருந்த சின்னத் தனியார் கல்லூரி. இப்போது அது இல்லை. நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்து எட்டு மாதம். கட்டடம் ‘ப’ வடிவத்தில் இருக்கும். ஒரு பக்கம் ஆபீஸ், மற்ற இரு பக்கமும் பன்னிரண்டு வகுப்பறைகள், நடுவில் வெட்டவெளி. கிட்டத்தட்ட நானூறு பிள்ளைகள். ஒரே டெலிபோன், அதுவும் பிரின்சிபால் அறையில்.

பெட்டிஷன்

எனக்குப் பக்கத்து மேஜையில் சூப்ரண்டெண்ட் சதாசிவம் சார் இருந்தார். இருபத்தைந்து வருட சர்வீஸ். வந்தவரையோ துப்பாக்கியையோ அவர் பார்க்கவில்லை. ஃபைலைப் பார்த்தபடியே வழக்கமான குரலில், "எதுவா இருந்தாலும் பெட்டிஷனா எழுதிக் குடுங்க" என்றார்.

"எனக்கு எழுதத் தெரியாது சாமி" என்று சொல்லிவிட்டு, வந்தவர் துப்பாக்கியை அவர் நெஞ்சுக்கு நேராக நீட்டினார்.

சதாசிவம் சார் நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். பிறகு, ஏதோ கீழே விழுந்ததை எடுக்கப் போகிறவர் மாதிரி மெதுவாகக் குனிந்து, மேஜைக்கு அடியில் போய்விட்டார். திரும்பி வரவில்லை.

பேச்சுக் குரல் கேட்டுப் பிரின்சிபால் தன் அறையின் ஸ்பிரிங் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தார். அதே வேகத்தில் கதவு மூடிக்கொண்டது. உள்ளே பாத்ரூம் தாழ்ப்பாள் விழும் சத்தமும், குழாய் திறக்கும் சத்தமும் கேட்டன. பயத்தில் திறந்தாரோ, தான் அங்கே இருப்பது தெரியக் கூடாதென்று திறந்தாரோ, தெரியாது. டேங்க் காலியாகும்வரை அது ஓடிக்கொண்டே இருந்தது.

ஆக, ஆபீஸில் கண்ணுக்குத் தெரிந்த ஒரே ஊழியர் நான்தான்.

அவர் பேர் ஏகாம்பரம், செங்கம் பக்கம் கிராமம் என்றார். மகன் பழனி எங்கள் கல்லூரியில் பி.ஏ. ஹிஸ்டரி இரண்டாம் வருஷம். நாலு நாளாக வீட்டுக்கு வரவில்லை. கேட்டில் பையன்களைக் கேட்டால், அப்படி ஒருத்தன் இங்கே படிக்கவே இல்லை என்கிறார்கள்.

"ஒன்ற வருசமா டெய்லி பஸ் ஏறி இங்கதான் வர்றான். அவன் இல்லைன்னா இன்னா அர்த்தம்? எம் புள்ளய இன்னா பண்ணீங்க? அவன் வர்ற வரிக்கும் ஒருத்தரும் இங்கேந்து நகரக் கூடாது. நகந்தா சுட்டுடுவேன்."

குரல் நடுங்கியது. துப்பாக்கியும் நடுங்கியது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. திடமாகப் பிடித்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

பதினொன்று ஐம்பது

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று நாற்பத்தைந்து. மூன்றாவது பீரியட் முடிய ஐந்து நிமிடம். மணி அடித்தால் நானூறு பேரும் ஆபீஸுக்கு எதிரே இருக்கும் வெட்டவெளிக்கு வருவார்கள். இவர் மிரண்டுபோய் ஒரு விரலை அசைத்தால் போதும்.

மணி என்றால் வராந்தா கடைசியில் தொங்கும் தண்டவாளத் துண்டு. அடிப்பவர் அட்டெண்டர் முனுசாமி அண்ணன். பின்பக்கம் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தவர் அப்போதுதான் வந்து, இரும்புக் கம்பியைக் கையில் எடுத்தார். உள்ளே நடப்பது அவருக்குத் தெரியாது. போன மாதம்தான் மூன்று நிமிடம் தாமதமாக அடித்ததற்கு மெமோ வாங்கியிருந்தார்.

ஜன்னல் வழியாக, வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினேன். அவர் பார்த்தார். இரண்டு விரலைக் காட்டி, ‘ரெண்டு டீயா?’ என்று சைகையில் கேட்டார்.

வேறு வழியில்லாமல் ஏகாம்பரத்திடமே சொன்னேன். "ஐயா, அவரு இப்ப பெல் அடிச்சா நானூறு பேரும் வெளிய வந்துடுவாங்க."

"வரட்டும். அதுல எம் புள்ள கீறானான்னு பாத்துக்கறேன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை.

"கூட்டத்துல எப்பிடிங்க கண்டுபுடிப்பீங்க? எல்லாரும் முடி வளத்துகினு, பெல்பாட்டம் போட்டுகினு ஒரே மாதிரி இருப்பாங்க. பாதிப் பேரு சாப்பாட்டுக்கு ஓடிடுவாங்க. கிளாஸ்லயே இருந்தாத்தான் பேரு கூப்டுப் பாக்கலாம்."

யோசித்தார். பிறகு அவரே ஜன்னலுக்குப் போய், "யோவ்! மணி அடிக்காத!" என்று கத்தினார்.

முனுசாமி அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பிரின்சிபால் ஆர்டர் கீதா?" என்றார்.

"திரும்பிப் பாருய்யா!"

திரும்பினார். ஜன்னல் கம்பிக்கு நடுவே குழல் நீட்டிக்கொண்டிருந்தது. முகம் வெளுத்துவிட்டது. கம்பியோடு இரண்டு கையையும் தூக்கினார். ஆனாலும், "ஆர்டர் இல்லாம நிறுத்தக் கூடாதுங்க" என்றார் அழுகிற குரலில்.

மேஜைக்கு அடியிலிருந்து சதாசிவம் சார், "அடிக்காதய்யா! நான் சொல்றேன்!" என்று கத்தினார்.

"எழுத்துல குடுங்க சார்."

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. சர்க்குலர் நோட்டை எடுத்தேன். வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய் ஆசிரியர்களிடம் கையெழுத்து வாங்கும் நோட்டு அது. முதல் வரியில், ‘மறு உத்தரவு வரும்வரை மணி அடிக்கப்படாது. ஏ. பழனி என்ற மாணவர் வகுப்பில் இருந்தால் தெரிவிக்கவும்’ என்று எழுதினேன். அதை ஏகாம்பரத்துக்குப் படித்துக் காட்டினேன். தலையாட்டினார். அடுத்த வரிகளைப் படித்துக் காட்டவில்லை: ‘ஆபீஸில் ஒருவர் துப்பாக்கியுடன் இருக்கிறார். கதவை உள்பக்கம் தாழிடவும். ஜன்னல் பக்கம் யாரும் நிற்க வேண்டாம். யாரும் வெளியே வர வேண்டாம். யாராவது போலீசுக்குச் சொல்லவும்.’

நோட்டை மேஜைக்கு அடியில் நீட்டினேன். கையெழுத்தாகித் திரும்பி வந்தது. அதை ஜன்னல் வழியாக முனுசாமி அண்ணனிடம் கொடுத்தவர் ஏகாம்பரம்தான்.

ஒவ்வொரு வகுப்பாக அது போனது. ஒவ்வொரு கதவும் சாத்தப்படும் சத்தம் எனக்குக் கேட்டது. எண்ணிக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டாவது கதவு சாத்தியதும்தான் மூச்சு விட்டேன்.

நோட்டைப் பிறகு பார்த்தேன். பதினொரு ஆசிரியர்கள், ‘பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அடுத்த வகுப்புக்கு அனுப்பியிருந்தார்கள். போலீசுக்கு அடுத்தவர் சொல்லிக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். கடைசி வகுப்பில் இருந்த விலங்கியல் ஆசிரியருக்கு மட்டும் நோட்டை அனுப்ப அடுத்த வகுப்பு இல்லை. அதனால் அவர் பிள்ளைகளிடம் தாழ் போடச் சொல்லிவிட்டு, பின்பக்க ஜன்னல் வழியாக இறங்கி, சைக்கிளில் ஸ்டேஷனுக்குப் போனார்.

கையெழுத்து

முனுசாமி அண்ணன் நோட்டை ஜன்னல் வழியாகத் திருப்பிக் கொடுத்தார். எந்த வகுப்பிலும் பழனி இல்லை. ஏகாம்பரத்தின் முகம் மாறியது. அட்மிஷன் ரிஜிஸ்டரை எடுத்தேன். முதல் வருஷப் பட்டியலில் பெயர் இருந்தது. அதன் மேல் சிவப்பு மையில் கோடு. ‘டி.சி. வழங்கப்பட்டது.’ சேர்ந்த இரண்டாம் மாதமே வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.

இதைச் சொன்னால் சுட்டுவிடுவாரோ, சொல்லாவிட்டால் சுட்டுவிடுவாரோ தெரியவில்லை. கீழேயிருந்து சதாசிவம் சார், "சொல்லாதம்மா" என்று கிசுகிசுத்தார். அது எனக்குக் கேட்டதைவிட ஏகாம்பரத்துக்கு நன்றாகக் கேட்டது.

"இன்னாத்த சொல்லாத?"

டி.சி. புத்தகத்தின் அடிக்கட்டையைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். "உங்க புள்ள நின்னுட்டாருங்க. நீங்க கையெழுத்துப் போட்டு டி.சி. வாங்கிகினு போயிருக்கீங்க."

இங்கிலீஷில், சாய்வாக, கீழே இரண்டு புள்ளி வைத்த ஸ்டைலான கையெழுத்து. ஏகாம்பரம் அதை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது நானா?"

"அப்பிடித்தாங்க எழுதி இருக்குது."

தன் இடது கட்டைவிரலை எனக்கு நேராக நீட்டினார். "நான் கைநாட்டும்மா."

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். துப்பாக்கியை என் மேஜை மேல் வைத்தார். குழல் என்னைப் பார்த்து இருந்தது. "கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி வெக்கிறீங்களா?" என்றேன். பிரின்சிபால் அறைப் பக்கம் திருப்பி வைத்தார்.

"டெய்லி காத்தால எழுந்து அவன் அம்மா சோறு கட்டிக் குடுப்பா. அப்ப எங்கம்மா போனான் இத்தினி நாளு?" என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

சதாசிவம் சார் மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். "பேனா தேடிகினு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு அவரிடம் கொடுத்தார்.

சத்தம்

பன்னிரண்டரை மணிக்கு எஸ்.ஐ.யும் ஒரு கான்ஸ்டபிளும் வந்தார்கள். ஏகாம்பரம் எழுந்து கும்பிட்டார். கான்ஸ்டபிள் துப்பாக்கியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது வெடிக்குமாய்யா?" என்று கேட்டார்.

"மருந்து கெட்டிச்சி ஆறு மாசம் ஆவுதுங்க. நமத்துப் போயிருக்கும்."

கான்ஸ்டபிளின் விரல் எதைத் தொட்டதோ, வெடித்தது.

பிரின்சிபால் அறைக் கதவுக்கு மேலே ஒரு கூடை அளவு காரை பெயர்ந்து விழுந்தது. அறை முழுக்கப் புகை. பாத்ரூமிலிருந்து, "நான் ஒண்ணும் பண்ணலை!" என்று குரல் வந்தது. யாருக்கும் அடிபடவில்லை. அந்தக் குண்டுகளுக்கு எதிரே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நாற்பது நிமிடம் தாழ் போட்டு அடங்கி இருந்த நானூறு பேரும், வெடிச் சத்தம் கேட்டதும் கதவைத் திறந்துகொண்டு ஆபீஸை நோக்கி வேடிக்கை பார்க்க ஓடி வந்தார்கள்.

அதற்குப் பிறகு

புகார் எழுதும்போது எஸ்.ஐ. ஒரு கேள்வி கேட்டார்: "சம்பவத்தப்ப பிரின்சிபால் எங்க இருந்தாரு?" இதற்கு விடையாக நான் ஐந்து டிராஃப்ட் அடித்தேன். கடைசி டிராஃப்ட்டில், ‘தமது அறையை ஒட்டிய பகுதியில் இருந்து நிலைமையைக் கண்காணித்து வந்தார்’ என்று இருந்தது. அதிலும் பிரின்சிபாலுக்குத் திருப்தி இல்லை. புகாரே வேண்டாம் என்று விட்டுவிட்டார். போலீஸ் துப்பாக்கியை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு, ஏகாம்பரத்தை எச்சரித்து அனுப்பியது.

மறுநாள் இரண்டு உத்தரவுகள் அடித்தேன். ஒன்று, ஆயுதத்துடன் வருபவர்கள் அதை வாட்ச்மேனிடம் ஒப்படைத்து டோக்கன் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது. நான் பார்த்தவரை அந்த டோக்கனை வாங்கியவர்கள் அரிவாளோடு புல் அறுக்க வரும் பெண்கள் மட்டும்தான். இன்னொன்று, பதினொன்று ஐம்பதுக்கு மணி அடிக்காததற்கு முனுசாமி அண்ணனிடம் விளக்கம் கேட்டு மெமோ. அவர் சர்க்குலர் நோட்டைக் காட்டினார். மேஜைக்கு அடியில் போட்ட கையெழுத்து சூப்ரண்டெண்ட் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று அதற்கும் ஒரு கேள்வி வந்தது.

இப்போது ஆபீஸ்களில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கதவைத் தாழ் போடுங்கள், ஜன்னலை விட்டு விலகி இருங்கள். சத்தம் கேட்டால் வெளியே போய்ப் பார்க்காதீர்கள். போலீசுக்கு ‘யாராவது’ சொல்லவும் என்று எழுதாதீர்கள். ஒருவர் பெயரைப் போட்டு எழுதுங்கள். நான் தைரியசாலி என்று அன்று பலர் சொன்னார்கள். வாசற்படிக்கும் எனக்கும் நடுவில் அவர் நின்றிருந்தார். இல்லாவிட்டால் நான் ஓடியிருப்பேன்.

மூன்று வாரம் கழித்து ஏகாம்பரம் ஒரு பை மல்லாட்டையோடு வந்தார். பழனி கிடைத்துவிட்டான். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் வீடு எடுத்திருந்த ஒரு வெள்ளைக்கார ஜோடிக்குச் சமையல் செய்துகொண்டு இருந்திருக்கிறான். "நல்லாவே ஆக்குறாம்மா" என்றார் தலையைக் குனிந்துகொண்டு.

"ஏங்க, துப்பாக்கி எடுத்துகினு வர்றதுக்கு முன்னாடி ஒரு வாட்டி எங்களக் கேட்டிருக்கலாம் இல்ல?" என்றேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"கேட்டனேம்மா. மூணு நாளு வந்தேன். மொத நாளு, சூப்ரண்டு லீவு, நாளைக்கி வாங்கன்னு நீதான சொன்ன?"

எவ்வளவு யோசித்தும் அந்த முகம் எனக்கு ஞாபகம் வரவில்லை. அன்றும் நான் டைப்ரைட்டரிலிருந்து தலையைத் தூக்கியிருக்க மாட்டேன்.