மாமியார் ஏலத்தில் எடுத்த டயர்கள்

சித்தூர் மிஷன் காம்பவுண்டில் ஏசுரத்தினம் என்று ஒரு டிரைவர் இருந்தார். அவர் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. எட்டாம் மாதத்திலேயே பொறுமை இழந்து, மருத்துவச்சி தெருமுனை திரும்புவதற்குள் தானாகவே பிறந்துவிட்டார் என்பார்கள். ஞானஸ்நானத்தன்று போதகர் ஜெபத்தை முடிக்கும் வரை காத்திராமல், பிள்ளையே தொட்டியில் தலையை நனைத்துக்கொண்டதாம். இதை நான் நம்புகிறேன். நாற்பது வயதை நெருங்கியபோதும் அவர் நின்றுகொண்டுதான் சாப்பிட்டார். ஆலயத்தில் அவர் கால் ஆட ஆரம்பித்தால் பெஞ்சு ஆடும்; அந்த வரிசையில் இருந்தவர்கள் பாட்டுப் புத்தகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்வார்கள்.

அவரிடம் ஒரு சிவப்பு ஹெரால்ட் கார் இருந்தது. இரண்டே கதவு. சோழவரம் கார்ப் பந்தயத்தில் ஓடிய வண்டி. ஓட்டியவர் சீமைக்குப் போகும்போது இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து இவருக்கும் ஒரே நினைப்பு: ஒரு தடவையாவது சோழவரத்தில் ஓட்ட வேண்டும். மெட்ராஸிலிருந்த பந்தயக்காரர் ஜெயச்சந்திரனுக்கு ஆறு வருஷமாகக் கடிதம் எழுதினார். ஆறாம் வருஷம், அதாவது எழுபத்து மூன்று நவம்பரில், பதில் வந்தது. மகனுக்கு முடி இறக்க அடுத்த வாரம் சனிக்கிழமை திருப்பதிக்கு வருகிறேன், பதினோரு மணிக்குத் திருச்சானூரில் ஒரு மணி நேரம் ஒழியும், வண்டியைக் கொண்டு வாருங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன், சரியென்று பட்டால் பிப்ரவரியில் என் குழுவில் ஓட்டலாம் என்று நாலே வரி.

அந்த நாலு வரியை ஏசுரத்தினம் நடந்துகொண்டே நாற்பது தடவை படித்தார்.

"இது போச்சின்னா இனிமே இல்ல, தபீதா. அடுத்த வருசம் எனக்கு நாப்பது" என்றார் மனைவியிடம்.

"நாப்பது வயசுக்காரருக்கு சோறு ஆறிக்கினு இருக்குது. உக்காந்து துன்னுங்க" என்றாள் தபீதாள். அவள் மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். நாற்பத்தைந்து பிள்ளைகளை அடக்கத் தெரிந்தவளுக்கு இந்த ஒருவரை அடக்கத் தெரியவில்லை.

வண்டியில் ஒரு குறை இருந்தது. வேகமாகத் திருப்பினால் பின்பக்கம் வழுக்கும். பின் டயர்கள் அகலமாக இருந்தால் தரையைக் கவ்விப் பிடிக்கும் என்று ஏசுரத்தினத்துக்குத் தோன்றிவிட்டது. தோன்றினால் அவருக்குத் தூக்கம் வராது. முதல் பஸ்ஸில் மெட்ராஸ் போய்ப் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையைச் சல்லடை போட்டு, ஏதோ வெளிநாட்டு வண்டியிலிருந்து கழற்றிய இரண்டு பெருத்த டயர்களோடு வந்தார். பஸ்ஸில் அவற்றுக்கும் இரண்டு சீட்டு வாங்கி ஜன்னலோரம் உட்கார வைத்து, தான் நின்றுகொண்டே வந்தார் என்று கேள்வி.

வேலூர் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருந்த கிருஷ்ணப்பா டயர்களைப் பார்த்தான், சக்கரத்தைப் பார்த்தான், கையிலிருந்த லீவரைக் கீழே வைத்தான்.

"வத்து அண்ணா, வேண்டாம். டயர் பெருசு, ரிம்மு சின்னது. இதுக்கு அகலமான ரிம்மு வேணும்."

"குறுக்களவு ஒண்ணுதானப்பா? பதிமூணு இஞ்சுக்குப் பதிமூணு இஞ்சு. மாட்டு."

"மாட்டலாம். மாட்டினா ஆச்சா? சின்ன மணையில பெத்த தொந்தி சம்பந்தி உக்காந்த மாதிரி இருக்கும். ரெண்டு பக்கமும் தொங்கும்."

"சம்பந்தியை நான் பாத்துக்கறேன். நீ சோப்புத் தண்ணியைக் கொண்டா."

சோப்புத் தண்ணீர் தடவி, இரண்டு பேர் மிதித்து, காற்றை ஏற்றி ஏற்றி, டயரின் விளிம்பு ஒருவழியாக ரிம்மில் போய் உட்கார்ந்தபோது எழுந்த சத்தத்தில் எதிர்க்கடைச் சேவல் மூன்று நாள் கூவவில்லை. ஆனால் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஏசுரத்தினம் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். இரண்டு விரல் இடம் இருந்தது. போதும் என்று தீர்மானித்துவிட்டார்.

அதோடு விட்டாரா? அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை. ஒருவர் பூசணிக்காய் கொண்டு வருவார், ஒருவர் கோழி, ஒருவர் வேர்க்கடலை மூட்டை. ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். ஏசுரத்தினம் கழற்றிய பழைய டயர்கள் இரண்டையும் கழுவித் துடைத்து, மாலை போட்டு, பலிபீடத்தின் முன்னே பூசணிக்காய்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். இனி இவை தனக்குத் தேவையே இல்லை என்று கர்த்தருக்கு முன்பாகவே சொன்ன மாதிரி.

ஏலத்தில் டயர் வந்ததும் சபை சிரித்தது. மிஷன் பள்ளித் தலைமையாசிரியர் விளையாட்டுக்கு ஒரு விலை கேட்டார். பின்வரிசையிலிருந்து அதற்கு மேல் ஒரு குரல் கேட்டது. ஏசுரத்தினத்தின் மாமியார் ஞானம்மாள். தலைமையாசிரியர் விடாமல் ஏற்ற, ஞானம்மாளும் விடாமல் ஏற்றி, கடைசியில் டயர் இரண்டும் ஒற்றை மாட்டு வண்டியில் கிரீம்ஸ்பேட்டையிலிருந்த அவர் வீட்டுக்குப் போயின.

மாமியாருக்கும் மருமகனுக்கும் மூன்று வருஷமாகப் பேச்சில்லை. அந்தம்மாள் ஊரூராக நடந்து வேதம் படித்துக் கொடுத்து ஓய்வு பெற்றவர்; சொன்ன சொல்லை ஊரே கேட்கும். அவர் சிபாரிசு செய்து ஒரு டாக்டரிடம் வாங்கிக் கொடுத்த டிரைவர் வேலையை, டாக்டர் முப்பது மைலுக்கு மேல் போக விடவில்லை என்று ஏசுரத்தினம் பதினேழாம் நாள் விட்டுவிட்டார். அதன் பிறகு அந்த வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை.

"உங்க அம்மாவுக்கு எதுக்கு டயரு?"

"போய்க் கேளுங்களேன்" என்றாள் தபீதாள். அவர் போகவில்லை.

புதன்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்து போதகரையும் அவர் மனைவியையும் ரத்னம்மா டீச்சரையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். மூன்று பேரும் நிறைவான தேகம். முதல் திருப்பத்திலேயே பின்னாலிருந்து 'கிரீச்' என்று ஒரு அலறல். அடுத்த திருப்பத்தில் ரப்பர் தீய்கிற நாற்றம்.

"ஏசுரத்தினம், புகை வருதே!" என்றார் போதகர்.

"அய்யய்யோ, என்னை முதல்ல இறக்கு!" என்றாள் ரத்னம்மா. இரண்டு கதவு வண்டியில் பின்சீட்டுக்காரர்கள் இறங்க வேண்டுமானால் முன்சீட்டை மடக்க வேண்டும். மடக்குவதற்குள் ரத்னம்மா ஜன்னல் வழியாகவே வெளியே வந்துவிட்டாள். எப்படி வந்தாள் என்பது சித்தூரில் இன்றுவரை விளங்காத அதிசயம்.

பாரம் ஏறியதும் வண்டி தாழ்ந்து, மட்கார்டு டயரில் உரசியிருந்தது. காலி வண்டியில் விரலை விட்டு அளந்தவர், சித்தூர் ஜில்லாவில் எந்த வண்டியும் காலியாகப் போகாது என்பதை மறந்துவிட்டார். பரவாயில்லை, பந்தயத்தில் பின்சீட்டில் யாரும் இருக்கப்போவதில்லை என்று தேற்றிக்கொண்டார். வியாழக்கிழமை தனியாக பாகாலா ரோட்டில் விரட்டிப் பார்த்தார். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்பக்கம் உடனே திரும்பியது. பின்பக்கம் சற்று யோசித்துவிட்டு, ஒரு தரம் ஆடிவிட்டுத் திரும்பியது. காற்றைக் குறைத்தார்; இன்னும் ஆடியது. காற்றை ஏற்றினார், ஐஸ்கட்டி மேல் போகிற மாதிரி வழுக்கியது. குறைத்தார், ஏற்றினார், மறுபடி குறைத்தார். அன்று முழுக்க ஒரு வாய் தண்ணீர் குடித்தாரா என்பது சந்தேகம். வெள்ளிக்கிழமை மத்தியானம் கிருஷ்ணப்பா கடை வாசலில் வண்டி வந்து நின்றது.

கிருஷ்ணப்பா குனிந்தான். பின் டயரின் குறுக்கே சாக்பீஸால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு கோடு இழுத்தான்.

"தள்ளு அண்ணா, பத்தடி."

தள்ளினார்கள். குனிந்து பார்த்தால், கோடு நடுவில் மட்டும் மூன்று விரல் அகலத்துக்கு அழிந்திருந்தது. இரண்டு ஓரங்களிலும் சாக்பீஸ் அப்படியே இருந்தது. சின்ன ரிம் டயரின் இரண்டு பக்கங்களையும் உள்ளே இழுத்துப் பிடித்ததால் நடு மட்டும் வயிறு மாதிரி உப்பியிருந்தது. அந்த வயிறு மட்டும்தான் தரையைத் தொட்டது.

"அகலம் டயருலதான் இருக்குது. ரோட்டுல இல்ல. நான் செப்பலியா?" என்றான் கிருஷ்ணப்பா.

ஏசுரத்தினம் சாக்பீஸ் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கால் மட்டும் தாளம் போட்டது. "வேற பதிமூணு சைஸு கெடைக்குமா?"

"இந்த ஊருல எல்லாம் அம்பாசிடரு, பியட்டு. உன் சைஸு ரெண்டே ரெண்டுதான் சித்தூர்ல இருக்குது. எங்க இருக்குதுன்னு உனக்கே தெரியும். ஆறு மணிக்கு நான் கடையை மூடிக்கினு போயிடுவேன், ஆமா."

மணி அப்போது மூன்று. வண்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு ஏசுரத்தினம் நடந்தார்.

கிரீம்ஸ்பேட்டை வீட்டின் முன்னறையில் இரண்டு டயர்களும் ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தன. மேலே ஒரு பலகை, பலகை மேல் மடித்த போர்வை, போர்வை மேல் ஞானம்மாள்.

"வாங்க மாப்பிள்ளே" என்றார் எழுந்திருக்காமல். "வழி தெரிஞ்சுதா?"

"அத்தே, அந்த டயரு..."

"ஆண்டவருக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேக்க வந்தீங்களா?"

"நாளைக்குத் திருப்பதில... பதினோரு மணிக்கு..."

"தெரியும். தபீதா சொன்னா. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவ தனியாத்தான் வந்துட்டுப் போறா. தெருவுல எல்லாரும் கேக்கறாங்க, உன் மருமகன் உசிரோட இருக்கானான்னு." ஞானம்மாள் எழுந்து பலகையைத் தட்டினார். "எடுத்துக்கினு போங்க. ஆனா முதல்ல இதுல உக்காருங்க. ஒரு வேளை சோறு. ஜெபம் முடியற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது, காலையும் ஆட்டக் கூடாது. அவ்வளவுதான்."

ஏசுரத்தினம் உட்கார்ந்தார். சோறு வந்தது. கருவாட்டுக் குழம்பு வந்தது. மறுசோறு வருவதற்குள் ஒரு பட்டணம் கட்டி முடித்திருக்கலாம். நாலரைக்குக் கை கழுவச் செம்பு வந்தது. பிறகு ஜெபம். ஞானம்மாள் பேராயரில் தொடங்கி, பழைய மிஷனரிகளைப் பேர் பேராகச் சொல்லி, விஜயபுரத்து வேர்க்கடலைக்கு மழை கேட்டு, பிச்சாட்டூர் ஏரிக்குத் தண்ணீர் கேட்டு, இரண்டாம் உலகப்போரில் செத்தவர்கள் வரைக்கும் போனார். ஏசுரத்தினத்தின் வலது கால் துடித்தது. இரண்டு கைகளாலும் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"டயரு ஆடுது" என்றார் ஞானம்மாள், கண்ணைத் திறக்காமல்.

கால் நின்றது. "கால் நிக்காத இந்தப் பிள்ளையை நாளைக்கு நீர்தான் ஆண்டவரே பாத்துக்கணும், ஆமென்" என்று அவர் முடித்தபோது மணி ஐந்தரை. ஏசுரத்தினம் 'ஆமென்' சொன்னாரா, சொல்லிக்கொண்டே ஓடினாரா தெரியாது. இரண்டு தோளிலும் இரண்டு டயரோடு ஒரு மனிதர் சித்தூர் பஸ்ஸை முந்திக்கொண்டு ஓடியதைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் மட்டும் ஒன்பது பேர். கிருஷ்ணப்பா கடையின் பாதிக் கதவை மூடியிருந்தான். மறுபடி திறந்தான்.

சனிக்கிழமை எட்டு மணிக்கே திருச்சானூர் போய்விட்டார். ஜெயச்சந்திரனை அவர் பேப்பர் படத்தில்தான் பார்த்திருந்தார்: சுருள் முடி, காதுவரை கிருதா. கோயில் தெருவில் வந்தவர்கள் முக்கால்வாசிப் பேரும் மொட்டை, மொட்டை மேல் சந்தனம். ஏசுரத்தினம் முதலில் ஒரு நெல்லூர் ஜவுளிக்காரருக்கு சல்யூட் அடித்தார். அவர் ஸ்டேஷனுக்கு வாடகை எவ்வளவு என்று கேட்டார். அப்புறம் இன்னும் இரண்டு மொட்டைகள். பதினொன்றைத் தாண்டியது. தெருவில் மேலும் கீழுமாக நடந்து நடந்து, செருப்பின் வார் அறுந்துபோயிற்று. திரும்பி வந்தால், அவருடைய ஹெரால்டின் பின் சக்கரத்தருகே ஒரு சந்தன மொட்டை குந்தி உட்கார்ந்திருந்தது.

"ஏசுரத்தினம்தானே? நான் ஜெயச்சந்திரன். மகனோட நானும் முடி குடுத்துட்டேன். பரவாயில்லையே, பழைய சைஸே வச்சிருக்கீங்க. எங்கிட்ட வர்றவன் எல்லாம் இந்த ரிம்முல பெரிய டயரை மாட்டிக்கிட்டு வந்து நிக்கறான்."

ஏசுரத்தினம் நெளிந்தார். "நேத்து சாயங்காலம் வரைக்கும் நானும் மாட்டித்தான் இருந்தேன் சார்."

ஜெயச்சந்திரன் நிமிர்ந்து பார்த்தார். "ஏன் கழட்டினீங்க?"

ஏசுரத்தினம் சாக்பீஸ் கோட்டைப் பற்றிச் சொன்னார். ஜெயச்சந்திரன் சிரிக்கவில்லை. கதவைத் திறந்து உட்கார்ந்து, "போங்க" என்றார்.

சந்திரகிரி ரோட்டில் போனார்கள். வளைவுகளில் பின்பக்கம் வழுக்கத்தான் செய்தது. வழுக்கும் என்று தெரிந்த வழுக்கல். ஏசுரத்தினம் அதற்கு ஒரு நொடி முன்னாலேயே கையைத் தயாராக வைத்திருந்தார். ஜெயச்சந்திரன் புது மொட்டையில் காற்று ஜில்லென்று அடிக்க, ஒரு கையால் தலையைப் பொத்திக்கொண்டு வந்தார். திரும்பி வந்து வண்டி நின்றதும் ஏசுரத்தினத்தின் கால் தாளம் போட ஆரம்பித்தது.

"ஓட்டும்போது மட்டும் கால் ஆடலையே?" என்றார் ஜெயச்சந்திரன்.

"ஓட்டும்போது அதுக்கு வேலை இருக்குது சார்."

"பிப்ரவரில வாங்க. இந்த வண்டி வேண்டாம், எங்க வண்டி ஒண்ணு இருக்கு. ரிம்மு அகலமானது."

சோழவரத்தில் பதினோரு வண்டிகளில் ஏசுரத்தினம் ஏழாவதாக வந்தார். அந்தச் செய்தி திருத்தணி தாண்டும்போது மூன்றாவதானது. சித்தூர் ஆலயத்தில் அறிவித்தபோது முதலாவது. கிரீம்ஸ்பேட்டையில் கேட்டால், மற்ற வண்டிகள் புறப்படவே இல்லை.

அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு அந்தப் பெருத்த டயர்கள் மாலையோடு பூசணிக்காய்ப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. ஏலத்தில் ஞானம்மாள் விலை கேட்டதும் எதிர்த்துக் கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை. அன்று மத்தியானம் மகளும் மருமகனும் சேர்ந்தே அவற்றைக் கிரீம்ஸ்பேட்டை வீட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, பலகையைப் போட்டார்கள். ஞானம்மாள் உட்கார்ந்து, இப்படி ஒரு தரம், அப்படி ஒரு தரம் நகர்ந்து பார்த்தார்.

"இது எவ்வளவு சௌகரியமா இருக்குது! போன வருசமே இதைக் குடுத்திருக்கலாமில்ல, மாப்பிள்ளே?"

ஏசுரத்தினம் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.