ஆளுக்கொரு பாடமும் கணியூர் பஸ்ஸும்

திருப்பூரிலிருந்து கணியூருக்கு பஸ்ஸில் எப்படிப் போவது என்று போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் அந்த ஊருக்கு முதன்முதலில் போனது 1994 தை மாதம், பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை. ஊர் பார்க்கப் போகவில்லை. என் மகள் சுமதி பிளஸ் டூவில் மனையியல் பாடத்தில் தேறுவாளா மாட்டாளா என்ற பயத்தில் போனேன். நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தவள், ஒற்றை விரலில் தட்டுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு மூன்று மாதம் முன்னால், ஐப்பசியில், என் வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். சுமதியை அந்தப் பிரிவில் சேர்த்துவிட்டது அவர்தான். நான் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருந்தேன். காரியம் முடிந்த கையோடு என் கொழுந்தனார் சொல்லிவிட்டார், புள்ளை பெயிலானால் திரும்ப எழுத வைப்பதெல்லாம் வேண்டாம், உன் கூடவே கம்பெனிக்குக் கூட்டிப் போய்விடு என்று. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் தெருவில் எல்லோரும் செய்வது அதுதான்.

அரையாண்டுப் பரீட்சையில் அவள் மனையியலில் பெயில். அவள் மட்டுமில்லை, வகுப்பில் முக்கால்வாசிப் பேர்.

விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மனையியலுக்கென்றே காலேஜில் படித்து வந்த நூர்ஜஹான் டீச்சர் முந்தின வருஷமே மாற்றல் வாங்கிக்கொண்டு கணியூர்ப் பக்கம் போய்விட்டார். அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. தையல் டீச்சர் ஸ்டெல்லாவையே இதையும் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். மனையியல் என்றால் தையலும் சமையலும்தானே என்று நாங்களும் நினைத்துக்கொண்டோம். பனியன் ஊரில் தையலுக்கா பஞ்சம்?

ஸ்டெல்லா தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். பள்ளிக்கூடத்துக்கு வருமுன் நாலு வருஷம் கம்பெனியில் தைத்தவர். கம்பெனியில் ஒரு முழு பனியனை ஒரே ஆள் தைப்பதில்லை. ஒருத்தி கழுத்து, ஒருத்தி கை, ஒருத்தி அடி மடிப்பு. அப்படித்தான் வேலை வேகமாக ஓடும். வகுப்பையும் அவர் அப்படியே ஓட்டியிருக்கிறார். குழந்தைச் சட்டை தைக்கச் சொன்னால் கழுத்துக்கு நாலு பேர், கைக்கு நாலு பேர். புத்தகத்தையும் பிரித்துக் கொடுத்துவிட்டார், ஆளுக்கு ஒரு பாடம். அவளவள் பாடத்தை அவளவள் படித்து வந்து மற்றவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். பரீட்சைத் தாளில் எல்லாப் பாடமும் ஒருத்திக்கே வந்தபோது புள்ளைகள் முழித்துவிட்டார்கள்.

சண்டை போடத்தான் ஸ்டெல்லா டீச்சர் வீட்டுக்குப் போனேன். இனி நூர்ஜஹான் டீச்சரையே போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று கத்தினேன். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

"எனக்கே பாதிப் பாடம் விளங்கலக்கா. விளங்காதத நான் எப்படிச் சொல்லிக்குடுக்க? கேட்டா வேலைக்கு ஆபத்தாயிருமோன்னு பயந்துட்டேன். நூர்ஜஹான் டீச்சரப் பாக்கப் போறீங்கன்னா நானும் வாரேன்."

இப்படித்தான் நான், சுமதி, ஸ்டெல்லா டீச்சர் மூன்று பேரும் கிளம்பினோம்.

நல்லூரில் டவுன் பஸ் காலை 5.45. திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் 6.20க்கு பல்லடம் வழியாகப் போகும் உடுமலை பஸ். ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர், ஆளுக்கு ஏழு ரூபாய், இரண்டு மணி நேரம். பல்லடம் தாண்டுமுன்பே ஸ்டெல்லா டீச்சருக்குக் குமட்ட ஆரம்பித்துவிட்டது. என் ஜன்னலோர சீட்டை விட்டுக்கொடுத்தேன். மனதார விட்டுக்கொடுத்தேன் என்று சொல்ல மாட்டேன், எனக்கு இன்னும் கோபம் இருந்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஏனுங் டீச்சரு, பல்லடத்துக்கே இப்படின்னா உடுமலை போய்ச் சேருவீங்களா?" என்று கேட்டு ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தார். அப்பா போனபிறகு சுமதி சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

உடுமலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு 8.50க்கு மடத்துக்குளம் வழியாகப் போகும் கணியூர் பஸ் பிடித்தோம். இருபது கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். மடத்துக்குளம் வந்ததும் காற்றே மாறிவிட்டது. இரண்டு பக்கமும் கரும்பு, தென்னை. சாயத் தண்ணி நாற்றம் மூக்கிலேயே தங்கிப்போனவர்களுக்குத்தான் அந்தக் காற்றின் அருமை தெரியும். 9.40க்கு இறங்கினோம். டீக்கடையில் கேட்டதும், "டீச்சர் ஊடுங்களா? நேராப் போங்க, பச்சைக் கதவுங்க" என்றார்கள். பத்து நிமிஷ நடை.

நூர்ஜஹான் டீச்சர் எங்களைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் முதலில் டீ கொடுத்தார். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, ஒரு பழைய பேப்பரையும் கத்தரியையும் எடுத்து சுமதியிடம் நீட்டினார். ஒரு வயசுக் குழந்தைக்குச் சட்டை வெட்டு என்றார். சுமதி கழுத்தை வெட்டினாள். அவ்வளவு சுத்தமான வட்டம். வெட்டிவிட்டுக் கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள்.

"மிச்சம்?"

"அது மல்லிகா குரூப் பண்ணுவாங்க மிஸ்."

டீச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஸ்டெல்லா டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நூர்ஜஹான் டீச்சர், "சரி, பாடத்துல உனக்கு எது வந்துச்சு கண்ணு?" என்று கேட்டார். சுமதி வெட்டின பேப்பரை மடித்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டெல்லா டீச்சர்தான் மெதுவாகச் சொன்னார். "நோயாளிக்கு உணவு. ஜூன் மாசமே குடுத்தது டீச்சர். வாசிச்சுக் காட்ட அவ முறை வர்றதுக்குள்ள அவங்க அப்பா தவறிட்டாரு, அப்புறம் அந்தப் பாடத்தையே அவ திறக்கல. நானும் வற்புறுத்தல. அதனால வகுப்புல யாருக்கும் அந்தப் பாடம் தெரியாது."

எனக்கே அது அப்போதுதான் தெரியும். மூன்று மாதமாக என் நெஞ்சுக்குள் கிடந்தது வாய்க்கு வந்துவிட்டது. காமாலை என்று தெரிந்த நாளிலிருந்து பத்தியம் என்று சொல்லி அவருக்கு உப்பில்லாத அரிசிக் கஞ்சி மட்டுமே கொடுத்தேன். கடைசி வாரம் ஒரு முட்டை கேட்டார், கொடுக்கவில்லை. அதைச் சொல்லிவிட்டு, "நான்தான் பட்டினி போட்டுக் கொன்னுட்டனுங்களா?" என்று கேட்டேன்.

டீச்சர் உடனே ஆறுதல் சொல்லிவிடவில்லை. எத்தனை நாள் காய்ச்சல், எப்போது ஆஸ்பத்திரி, டாக்டர் என்ன சொன்னார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"நீங்க குடுத்த கஞ்சியால அவரு போகலீங்க. ஆஸ்பத்திரிக்குப் போறப்பவே ஈரல் முழுக்கக் கெட்டுப்போச்சுன்னு டாக்டரே சொல்லியிருக்காரு. ஆனா பத்தியம்னா பட்டினி இல்லீங்க. வேற ஊட்டுல வேற ஆளுக்கு இப்படி ஆனா, வயிறு தாங்குற அளவுக்குப் பருப்பு, பழம், மோரு எல்லாம் குடுக்கலாம். எதை எப்பக் குடுக்கறதுன்னுதான் அந்தப் பாடத்துல இருக்குது."

பொய்யாக ஒரு ஆறுதல் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். படித்த படிப்பிலிருந்து சொன்னதால் நம்பினேன். அழுது முடித்துத் திரும்பிப் பார்த்தால் சுமதி அந்தப் பாடத்தைத் திறந்து வைத்திருக்கிறாள். ஸ்டெல்லா டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, தானும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார்.

மாலை 4.30 பஸ்ஸில் திரும்பினோம். பிறகு பரீட்சை வரை ஒவ்வொரு ஞாயிறும் ஸ்டெல்லா டீச்சர் தனியாகவே கணியூர் போய் வந்தார், கையில் எலுமிச்சம்பழத்தோடு. கேள்வியை மாற்றிக் கேட்டால் எப்படி யோசிப்பது, ஒரு வீட்டு வரும்படிக்குள் சத்தான சாப்பாடு எப்படித் திட்டம் போடுவது என்று அங்கே படித்ததைத் திங்கட்கிழமை வகுப்பில் எல்லோருக்கும் முழுசாக நடத்தினார். சட்டையையும் ஒவ்வொருத்தியும் முழுசாகத் தைத்தாள். முதலில் தைத்தவை கொஞ்சம் கோணல்தான்.

மார்ச்சில் பரீட்சை முடிந்து வாசலுக்கு வந்த சுமதி என்னிடம் சொன்னது ஒன்றுதான். "அந்தப் பாடத்துல இருந்து கேட்டாங்கம்மா. அப்பாவ நெனச்சுக்கிட்டே முழுசா எழுதிட்டேன்." தேறினாள். கம்பெனிக்குப் போகவில்லை. இப்போது எங்கள் தெரு அங்கன்வாடியில் அவள்தான் டீச்சர். ஸ்டெல்லா டீச்சர் பிறகு தபால் வழியில் படித்துப் பட்டம் வாங்கிவிட்டார்.

போகிறவர்களுக்கு: நான் எழுதியிருக்கும் நேரமும் கட்டணமும் அந்தக் காலத்துடையது, கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். காலை முதல் பஸ்ஸில் போனால் மத்தியான வெயிலுக்கு முன் சேரலாம். மடத்துக்குளத்திலிருந்து தூங்காமல் வாருங்கள், வழி அவ்வளவு அழகு. உங்கள் வீட்டுப் புள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்திலும் ஒருமுறை கூச்சப்படாமல் கேளுங்கள், இந்தப் பாடம் எடுக்கிற டீச்சர் இதைப் படித்தவர்தானா என்று. இல்லை என்றால் என்னைப் போலச் சண்டைக்குப் போகாதீர்கள். தெரிந்தவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று விசாரித்து, அந்த டீச்சரையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போங்கள். ஜன்னலோர சீட்டை அவருக்கே கொடுங்கள்.